மேயர் இன்னும் சாப்பிடவில்லை

டாட்மார்டன், யார்க்‌ஷயர்
6 பிப்ரவரி 1994

அன்புள்ள கிளெனிஸுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். டெரெக்கிடம் உன்னைப் பற்றிக் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். விவாகரத்து முடிந்த பிறகு, பையனின் அப்பன் முன்னாள் மருமகளுக்கு எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது எழுதியே தீரவேண்டிய காரணம் வந்துவிட்டது.

மேயருக்கு உடம்பு சரியில்லை.

நீ என்னிடம் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். போன வாரம் கூண்டிலிருந்து இறங்கியவன் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்தான். பிறகு சுவரையே வெறித்துப் பார்த்தபடி நின்றுவிட்டான். கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன். ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். நான் செவிடன் என்று தெரிந்ததும் காதருகே வந்து கத்தினாள். "இத்தனை வருஷமா இந்த பிஸ்கட்டா? ஃபெரெட்டுங்கறது கீரி மாதிரி, முயல் வளைக்குள்ள புகுந்து வேட்டையாடற ஜென்மம் தாத்தா. மாவைப் போட்டா ரத்தத்துல சர்க்கரை குழம்பிடும். மெதுவாப் பச்சைக் கறிக்கு மாத்துங்க" என்றாள். அவள் தாத்தா என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

அதுவரைக்கும் தெம்பாக இருக்கட்டும் என்று பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்திருக்கிறேன். கறியை எப்படி ஆரம்பிப்பது? ஒரு துண்டு போட்டேன். கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனான்.

உடனே எழுது. டெலிபோன் செய்யாதே. அது எனக்கு வீட்டிலிருக்கும் ஒரு பொம்மைதான்.

அன்புடன்,
வில்ஃப்ரெட் சட்கிளிஃப்


ஸ்ட்ரோம்னஸ், ஆர்க்னி
12 பிப்ரவரி 1994

அன்புள்ள மாமா,

என்ன இது, கடிதத்தின் கீழே முழுப் பெயரும் குடும்பப் பெயரும்? நகராட்சிக்கா எழுதுகிறீர்கள்? எனக்கு நீங்கள் மாமாதான். விவாகரத்து டெரெக்கோடுதான் நடந்தது.

முதல் வேலையாக அந்தப் பாலையும் ரொட்டியையும் தூக்கிப் போடுங்கள். உங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் செய்கிற தப்பு அது. உங்கள் அப்பா கொடுத்தார், அவர் அப்பா கொடுத்தார் என்பீர்கள். அந்த ஃபெரெட்கள் வாரம் முழுக்கக் கழிந்துகொண்டிருந்ததையும் சொல்லுங்கள். பால் அதற்கு ஆகவே ஆகாது.

குட்டியாக இருக்கும்போது எந்த வாசனையைச் சாப்பாடு என்று பழகுகிறதோ, அதைத்தான் ஃபெரெட் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளும். மேயரை நான் சந்தையில் வாங்கியபோதே அவன் பிஸ்கட் பிள்ளை. புது சமையலறையில் ரத்தம் சொட்டக்கூடாது என்று டெரெக் அடம்பிடித்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அவனுக்குக் கறி கறியாகத் தெரியாது. பசித்தால் தின்பான் என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். குடல் சின்னது, சில மணி நேரத்தில் காலியாகிவிடும். ஒரு நாள் முழுக்க வெறும் வயிற்றில் இருந்தால் போய்விடுவான்.

கோழிக் கறியை மிக்ஸியில் அடித்து, வெந்நீர் கொஞ்சம் விட்டு, பிஸ்கட்டைப் பொடி செய்து அதில் கலந்து கஞ்சியாக்குங்கள். விரலில் தொட்டு உதட்டில் தடவிவிடுங்கள். நக்குவான். தினமும் பொடியைக் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள். பிறகு சின்ன எலும்போடு. எலும்பை மட்டும் வேகவைக்காதீர்கள், குத்திவிடும்.

நான் நண்டு ஃபேக்டரியில் இருக்கிறேன். நாள் முழுக்க ஓடு உடைப்பு. மிஸஸ் ரெண்டல் வீட்டு மாடியில் ஓர் அறை. அவர் நல்லவர்தான், ஆனால் பிராணிகள் கூடாது, விருந்தாளிகள் கூடாது, ஞாயிறு குளியல் கூடாது. இந்த வடகோடித் தீவில் காற்று அடிக்கிற அடியில் தபால்காரரின் தொப்பி பறந்துவிட்டது. அவரோடு சிரித்ததுதான் இந்த வாரம் நான் மனிதர்களோடு பேசிய பேச்சு.

உங்கள்,
கிளெனிஸ்


டாட்மார்டன்
27 பிப்ரவரி 1994

அன்புள்ள கிளெனிஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கஞ்சி விஷயம் புரிவதற்குத்தான்.

கறிக்கடை ஆக்ராய்டிடம் போய்க் கோழி இதயமும் கழுத்தும் கேட்டேன். கடை நிறைய ஆள். "என்ன வில்ஃப், கோழி இதயம் கேக்கறே? யாருக்காவது சூனியம் வைக்கறியா?" என்று கத்தினான். "உனக்குத்தான்டா, உன் தராசு நேராகட்டும்னு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள் போலிருக்கிறது. வாய்கள் திறந்து மூடின.

கஞ்சி காய்ச்சினேன். உதட்டில் தடவினேன். மேயர் என் முகத்தில் தும்மினான். பிறகு சோபாவின் துணியில் வாயைத் துடைத்துக்கொண்டு போனான். இரண்டாம் நாள் கொஞ்சம் நக்கினான். பொடி அதிகம் என்பதால்தான் நக்கினான், எனக்கு நன்றாகத் தெரியும்.

டெரெக் வந்தான். மேசைமேல் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டான். ஊருக்கே கேட்கும்படி கத்தினான். என்னிடம் பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும், ஆனால் இது அந்தக் கத்தல் இல்லை. "அப்பா, அவ இப்ப நம்ம குடும்பம் இல்ல. லொரேனுக்கு மனசு எப்படி இருக்கும்? நாளைக்கு அவதானே இந்த வீட்டு மருமக?" "மேயர் விஷயமாத்தான்டா எழுதறேன். இதெல்லாம் வேற யாருக்குத் தெரியும்?" என்றேன். யோசித்தான். "சரி. அது ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க" என்றான். அவன் கெட்டவன் இல்லை, கிளெனிஸ். புது வாழ்க்கையில் பழைய சாமான் காலில் இடறக்கூடாது என்று நினைக்கிறான்.

அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எழுது.

உன்
மாமா


ஸ்ட்ரோம்னஸ்
8 மார்ச் 1994

அன்புள்ள மாமா,

நக்கினானே, அதுவே பாதிக் கிணறு தாண்டியதுபோல. விடாதீர்கள். இனிமேல் கறியை மிக்ஸியில் மையாக அடிக்காமல் நறுக்கிப் போடுங்கள். பல்லில் அகப்படட்டும். வெந்நீரில் கொஞ்ச நேரம் கிண்ணத்தை வைத்து எடுங்கள், குளிர்ந்த கறியைத் தொடமாட்டான். வாரத்தில் ஒரு நாள் முட்டை மஞ்சள் கரு. ஈரல் ஒரு சிட்டிகை போதும், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

டெரெக்கோடு சண்டை போடாதீர்கள். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லொரேனை எனக்குத் தெரியாது, என்னால் அவளுக்குச் சங்கடம் வேண்டாம்.

இங்கே ஐந்து மணிக்கு ஃபேக்டரி விட்டால் கடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அறைக்குப் போகிறேன். சில நாள் சாவியைத் திருப்புவதற்கு முன் கதவுக்கு வெளியே கொஞ்சம் நிற்பேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே கதவைத் திறப்பது ஏனோ கஷ்டமாக இருக்கிறது. முன்பெல்லாம் சத்தம் கேட்டதும் மேயர் குதித்து வருவான்.

உங்கள்,
கிளெனிஸ்


டாட்மார்டன்
4 ஏப்ரல் 1994, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள கிளெனிஸ்,

மேயர் இன்னும் சாப்பிடவில்லை. நறுக்கிப் போட்டேன், தொடவில்லை. வெந்நீரில் வைத்தேன், முகர்ந்தான், போனான். பிஸ்கட்டைத்தான் தின்கிறான். இனி என்ன வழி?

ஈஸ்டருக்கு டெரெக் வரவில்லை. லொரேனின் அம்மா வீட்டில் விருந்து. என்னையும் கூப்பிட்டார்கள். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசுகிற மேசையில் நான் போய் என்ன செய்ய? தறிச் சத்தத்தில் போன காது, தறிகள் எல்லாம் நின்ற பிறகும் திரும்பி வரவில்லை. மில்லில் நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் உதட்டைப் படிக்க எனக்குத் தெரியாது.

சர்ச்சுக்குப் போகலாம் என்று கறுப்பு ஷூவுக்குள் காலை விட்டேன். உள்ளே ஜில்லென்று ஒரு கோழிக் கழுத்து. பக்கத்து ஷூவில் இரண்டு இதயம். வீச்சம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைத்தேன். சாப்பிடவும் மாட்டான், சும்மா இருக்கவும் மாட்டான். சர்ச்சுக்குப் போகவில்லை.

உன் பதிலை எதிர்பார்த்து,
மாமா


ஸ்ட்ரோம்னஸ்
13 ஏப்ரல் 1994

அன்புள்ள மாமா,

மேயர் பிடிவாதக்காரன் என்று தெரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கென்று தனி முறை இருக்கிறது. கஷ்டமானது. ஒன்றையும் விடாமல் செய்யவேண்டும்.

கறியை மொத்தமாக வாங்கிவைக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்களே நடந்துபோய் வாங்குங்கள். பஸ் வேண்டாம். ஆக்ராய்டோடு கொஞ்சம் பேசிவிட்டு வாருங்கள், நல்ல துண்டாகக் கொடுப்பார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கணப்பு மூட்டி அறையைச் சூடாக்குங்கள். நிலக்கரியில் கஞ்சத்தனம் வேண்டாம், ஃபெரெட்டுக்குக் குளிர் இருந்தால் பசிக்காது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடவேண்டும். ரொட்டியும் ஜாமும் இல்லை. கறி, உருளைக்கிழங்கு, காய் என்று சூடாக ஒரு தட்டு. பக்கத்தில் ஓர் ஆள் ஒழுங்காகச் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் அவனுக்குத் தோன்றும். தினமும் ஒரே நேரத்தில்.

முன்னேற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை எழுதுங்கள்.

உங்கள்,
கிளெனிஸ்


டாட்மார்டன்
8 மே 1994

அன்புள்ள கிளெனிஸ்,

வாராவாரம் எழுதியாகிவிட்டது. இந்த வாரமும் அதே கதைதான். மேயர் இன்னும் சாப்பிடவில்லை.

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். நடந்து போகிறேன். மழையிலும் போனேன். ஆக்ராய்ட் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டான், நான் போனால் டீ வருகிறது. "உன் மேயருக்கு இன்னைக்கு என்ன மெனு?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிறான். ராத்திரி எனக்கு ஆட்டுக்கறி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அவனுக்குக் கோழி இறக்கை. நான் சாப்பிடுகிறேன், அவன் பார்க்கிறான். உன் அத்தை ஐரீன் போன பிறகு இந்த வீட்டில் முட்டைக்கோஸ் வேகவே இல்லை. அந்த வாசனைக்கு முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் சொல்வதற்கென்ன.

டெரெக்கின் கல்யாணம் ஜூன் 25. நேற்று வந்து சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான். "மூணு மாசமா ஒழுங்கா சாப்பிடாத பிராணியை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? பாவம்ப்பா. ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம். நானே கூட்டிட்டுப் போறேன்." வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வருவான். வேறு ஏதாவது முறை இருந்தால் சீக்கிரம் எழுது.

உன்
மாமா


ஸ்ட்ரோம்னஸ்
17 மே 1994

அன்புள்ள மாமா,

ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, பின்னால் கல் சுவர் வைத்த கொல்லை, அதற்கப்பால் கடல். பிராணி வளர்க்கலாமா என்று கேட்டேன். "மாடு மட்டும் உள்ள வேணாம்" என்றார் வீட்டுக்காரர்.

இதற்குமேல் உங்களைச் சிரமப்படுத்துவது சரியில்லை. டெரெக் வேறு ஊசி என்கிறான். ஜூன் முதல் சனிக்கிழமை வந்து மேயரை அழைத்துக்கொண்டு போகிறேன். மறைக்காமல் சொல்கிறேன் மாமா, எனக்கும் அவன் வேண்டும். கதவைத் திறந்தால் ஓடிவர ஒரு ஜீவன் வேண்டும். இந்தக் காற்றில் நாளெல்லாம் பேசாமல் இருந்து இருந்து, சில சமயம் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிறது.

அவன் சாப்பிடும் நிலையில் இருந்திருந்தால் உங்களிடமே விட்டிருப்பேன். சாப்பிடாதபோது எப்படி விடுவது, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்,
கிளெனிஸ்


டாட்மார்டன்
22 மே 1994

அன்புள்ள கிளெனிஸ்,

மேயர் சாப்பிடுகிறான்.

இன்று நேற்றல்ல. மார்ச் கடைசியிலிருந்து சாப்பிடுகிறான். கழுத்து, இதயம், இறக்கை எல்லாம் எலும்போடு. நொறுக்குகிற சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் தரையில் கை வைத்தால் தெரியும். பிஸ்கட் பொட்டலம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. ரோமம் பளபளக்கிறது, கால் இழுக்கவில்லை. போன தடவை வந்தபோது லொரேன்கூடச் சொன்னாள்: "மூணு மாசம் பட்டினின்னு சொல்றீங்க, என்னைவிட குண்டா இருக்கானே மாமா!" அது வீக்கம் என்று சொல்லிவிட்டேன்.

அவன் சாப்பிட்டதும் கடிதத்தை நிறுத்திவிடவேண்டும் என்றான் டெரெக். சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்கே ஆட்டியிருக்கக்கூடாது. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் நல்ல செய்தியை எழுத உட்காருவேன். இதை எழுதினால் இதுவே கடைசிக் கடிதம் என்று தோன்றும். உடனே 'இன்னும் சாப்பிடவில்லை' என்று எழுதிவிடுவேன். செவ்வாய்க்கிழமை தபால் வரும் நேரத்தில் ஜன்னலில் நிற்பேன், மணியடித்தால் எனக்குக் கேட்காதே. உன் எழுத்து இருக்கிற உறையைக் கண்டால் அன்று முழுக்க யாரோ வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

நீ அங்கே கவலையில் கிடந்திருப்பாய். கிழவன் செய்கிற வேலையா இது? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் சனிக்கிழமை வா. அவன் உன்னுடையவன். உனக்குத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அதற்குமேல் நான் என்ன பேச? கூண்டைக் கழுவிவைக்கிறேன். காலையில் ஓர் இறக்கை, மாலையில் கழுத்தும் ஓர் இதயமும். இடது பக்கத்துப் பல்லால்தான் கடிப்பான். சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் சந்தோஷப்படுகிறான்.

உன்
மாமா


ஸ்ட்ரோம்னஸ்
30 மே 1994

அன்புள்ள மாமா,

எனக்குத் தெரியும். ஈஸ்டர் கடிதத்திலேயே தெரியும்.

ஃபெரெட் எதை ஒளித்துவைக்கும்? சாப்பாடு என்று மனதார ஒப்புக்கொண்டதை மட்டும்தான் நாளைக்கென்று கொண்டுபோய் ஒளிக்கும். பிடிக்காததைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். ஷூவுக்குள் கழுத்தும் இதயமும் என்று படித்ததும் நண்டு மேசையிலேயே சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் முறைத்தார். பிறகு நீங்கள் ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் கடிதம் நிற்கக்கூடாது. அதனால் கேட்காமல் இருந்துவிட்டேன். ரொட்டியும் ஜாமுமாகத்தான் நாள் ஓட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வெறும் கணப்புக்கு முன்னால் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்றும் தெரியும். 'சாப்பிடுங்கள் மாமா' என்று எழுதினால் கேட்கிற ஆளா நீங்கள்? மேயருக்காக என்றால் கேட்பீர்கள். உலகத்தில் எந்த ஃபெரெட்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் முட்டைக்கோஸ் சாப்பிடத் தேவையில்லை மாமா.

வீடு கிடைத்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவன் சாப்பிடுகிறான் என்று தெரிந்துகொண்டேதான் அழைத்துப்போகிறேன் என்று எழுதினேன். நீங்களாக உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவது, சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்வது என்று மனதில் வைத்திருந்தேன். அது நல்ல எண்ணம் இல்லை. நீங்களோ உண்மையையும் சொல்லி, அவனையும் கொடுக்கிறீர்கள். கூண்டைக் கழுவவேண்டாம். அவன் அங்கேயே இருக்கட்டும்.

நான் இந்தக் கோடையில் வரவில்லை. கல்யாண சமயத்தில் நான் அந்தத் தெருவில் நடப்பது நன்றாக இருக்காது. எப்போது வருவேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

டெரெக்கிடம் மேயர் சாப்பிடுகிறான் என்று சொல்லிவிடுங்கள். பிறகும் கிளெனிஸுக்கு எழுதுவேன் என்றும் சொல்லுங்கள். சொல்ல முடியுமா? முடிந்தால், காரணம் ஏதும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். எதையும் கேட்காத கடிதம். அது வந்தால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன். வராவிட்டாலும் கோபப்பட மாட்டேன்.

உங்கள்,
கிளெனிஸ்


டாட்மார்டன்
26 ஜூன் 1994

அன்புள்ள கிளெனிஸ்,

நேற்றுக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நடனம் ஆரம்பித்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். டெரெக் வாசல்வரை வந்து கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டான். அப்போதுதான் அவனிடம் சொன்னேன். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு நிமிர்ந்தான். உதட்டை நன்றாக அசைத்து, "அவளைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றான்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழை விட்டிருக்கிறது. மேயர் தூங்குகிறான்.

உன்
மாமா